திவாலான அமெரிக்க ரயில் கம்பெனிகள் அடித்த டாலர் நோட்டுகள்: சேகரிக்கத் தகுந்தவையா?

#1 மதுரைத்தபால்

அனைவருக்கும் வணக்கம். நான் அடிப்படையில் தபால்தலைக்காரன். ரயில் படம் போட்ட தலைகள், பழைய அட்டை டிக்கெட்டுகள் இவைதான் என் எல்லை. சென்ற மாதம் ஓர் இணைய ஏலத்தில் வேறு எதையோ தேடப்போய் ஒரு டாலர் நோட்டு ஒன்றை வாங்கிவிட்டேன். வெளியிட்டது அமெரிக்க அரசு அல்ல. "ஈரி அண்ட் கலமசூ ரயில்ரோடு பேங்க்", மிச்சிகன் மாநிலம், ஏட்ரியன் ஊர், 1853. பின்பக்கம் வெற்றுத்தாள். தேதியும் வரிசை எண்ணும் பேனாவால் எழுதியவை. இடப்பக்கம் காசாளர், வலப்பக்கம் தலைவர் கையெழுத்து. இரண்டும் பழுப்பேறிப்போன மை. மேல் விளிம்பில் கத்தரிக்கோல் கோணலாகப் போயிருக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரயில் கம்பெனியின் பெயரில் எப்படி நோட்டு அடித்தார்கள்? திவாலான நிறுவனத்தின் நோட்டு என்றால் அரிதாகத்தானே இருக்க வேண்டும்? இது நான் நினைத்ததைவிட மிகவும் மலிவாகக் கிடைத்ததுதான் உறுத்துகிறது.

#2 மூன்றணா

செல்லாத நோட்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். அன்றைக்கு ஏமாந்தவன் ஒருவன், இன்றைக்கு நீங்கள் என்று சொல்ல வாய் வருகிறது, அவையடக்கம் தடுக்கிறது. வெள்ளிக்காசு என்றால் உருக்கினாலும் வெள்ளி. காகிதத்தை உருக்கினால் சாம்பல்.

#3 கரிப்புகை

மூன்றணா, அந்த அவையடக்கம் இன்னும் கொஞ்சம் தடுத்திருக்கலாம்.

மதுரைத்தபால் ஐயா, முதல் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவின் இரண்டாவது தேசிய வங்கியைப் புதுப்பிக்கும் மசோதாவை ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் 1832-இல் நிராகரித்தார். 1836-இல் அதன் கூட்டரசு சாசனம், அதாவது மத்திய அரசு கொடுத்த இயங்கும் உரிமை, முடிந்தது. அதிலிருந்து உள்நாட்டுப் போர் வரும்வரை, மக்கள் கையில் புழங்க நாடு முழுவதற்கும் பொதுவான அரசு நோட்டு கிடையாது. மாநிலச் சட்டமன்றங்களிடம் சாசனம் வாங்கிய வங்கிகள் தத்தம் பெயரில் நோட்டு அடித்தன. நோட்டைக் கொண்டுவந்து நீட்டினால் தங்கமோ வெள்ளியோ தருவோம் என்பதுதான் அதில் அச்சிட்டிருந்த வாக்குறுதி.

ரயில் போட நினைத்தவர்களிடம் நிலமும் வரைபடமும் இருந்தன, கைமுதல் இல்லை. தண்டவாளம் முடிந்து வண்டி ஓடி ஒரு டாலர் வருமானம் வரப் பல வருடங்கள் ஆகும். ஆகவே சட்டமன்றங்கள் ரயில் சாசனத்தோடு வங்கி உரிமையையும் சேர்த்துக் கொடுத்தன. வங்கி லாபத்தில் ரயில் வளரும் என்பது காகிதத்தில் போட்ட கணக்கு. நடந்தது வேறு. கம்பெனி நோட்டை அடித்து ஒப்பந்தக்காரருக்கும் மரம் விற்றவருக்கும் கொடுத்தது. அவர்கள் கடைக்காரரிடம் கொடுத்தார்கள். அந்த நோட்டு திரும்பி வந்து "காசைக் கொடு" என்று கேட்காதவரை கம்பெனிக்கு அது வட்டியில்லாத கடன்.

கேட்கும் நாள் 1837 மே மாதம் வந்தது. நியூயார்க் வங்கிகள் நோட்டுக்கு உலோகக்காசு கொடுப்பதை நிறுத்தின, மற்ற ஊர்களும் வரிசையாகக் கதவைச் சாத்தின. பாதி போட்ட பாதைகள் அப்படியே நின்றன.

இப்போது உங்கள் நோட்டு. ஈரி அண்ட் கலமசூ ரயில்பாதை ஒஹையோவின் டொலீடோவிலிருந்து ஏட்ரியன் வரை 33 மைல். 1836-இல் குதிரைகள் இழுக்கத் தொடங்கிப் பிறகு 1837-இல் நீராவி எஞ்சின் வந்தது. பெயரில் இருக்கும் கலமசூ ஊரை அது எட்டவே இல்லை. 1849-இல் பாதையை மிச்சிகன் சதர்ன் கம்பெனிக்கு நிரந்தரக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். ஆக உங்கள் நோட்டின் தேதியில் ரயில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, வேறொருவர் கையில். பழைய வங்கிச் சாசனத்தை மட்டும் தூசி தட்டி 1853-இல் மறுபடி கடை விரித்தார்கள், அடுத்த வருடமே மூடினார்கள். நோட்டு வைத்திருந்தவர்கள் கையில் நோட்டு மட்டும் நின்றது.

மலிவுக்குக் காரணமும் அதுதான். ஒழுங்காக நடந்த வங்கியின் நோட்டு கவுன்டருக்குத் திரும்பி வரும், காசு கொடுக்கப்படும், நோட்டு துளையிடப்பட்டோ எரிக்கப்பட்டோ போகும். கவிழ்ந்த வங்கியின் நோட்டுக்குத் திரும்பிப் போக இடமில்லை. பெட்டியடியில், கணக்குப் புத்தகத்துக்கு நடுவில் கிடந்து உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

#4 மதுரைத்தபால்

இத்தனை விவரத்துக்கு நன்றி. கவிழ்ந்ததால்தான் பிழைத்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு துணைக்கேள்வி: வண்டியே ஓடாத ரயில் கம்பெனி நோட்டு அடித்ததுண்டா?

#5 கரிப்புகை

உண்டு, அதுவும் நான் குடியிருக்கும் பக்கத்திலேயே.

ஒஹையோ ரயில்ரோடு கம்பெனி. சாசனம் 1836. ஈரி ஏரியின் தென்கரையை ஒட்டி மாநிலத்தின் குறுக்கே கிழக்கு மேற்காக ஓட வேண்டிய பாதை. மண் கொட்டி மேடு போட்டால் செலவு அதிகம் என்று பொறியாளர்கள் ஒரு யோசனை செய்தார்கள்: தரையில் மரத்தூண்களை வரிசையாக அடித்து இறக்கு, தலைகளை ஒரே மட்டத்தில் அறு, மேலே உத்தரம் போடு, அதன்மேல் ரயில் ஓடட்டும். இதற்கென்றே நீராவி இயந்திரம் ஒன்றைச் செய்து, அது தூணை அடித்து, தலையை அறுத்து, தான் அறுத்துப்போட்ட தூண்கள்மேலேயே முன்னேறியது. பொய்க்கால் ரயில்பாதை! மைல் கணக்கில் தூண்கள் நட்டார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? 1837-இல் ஒஹையோ சட்டமன்றம் ஒரு கடன் சட்டம் போட்டது. தனியார் பங்கு திரட்டிக் காட்டினால் மாநிலமும் தன் பங்குக்குக் கடன் தரும். பின்னாளில் மக்கள் அதற்கு வைத்த பெயர் "கொள்ளைச் சட்டம்". 1840-இல் ரத்து செய்தார்கள். போதாததற்குக் கம்பெனி தன் சாசனத்தை வசதியாக வியாக்கியானம் செய்துகொண்டு சொந்த நோட்டு அடித்தது. கூலியும் மரமும் அந்த நோட்டில் நடந்தன. 1843-இல் எல்லாம் முடிந்தது. ஒரு வண்டிகூட ஓடவில்லை. தூண்கள் நின்ற இடத்தில் அழுகின.

என்னிடம் ஒன்று இருக்கிறது. தலைவர் கையெழுத்தின் நீண்ட வாலில் மை காகிதத்தை அரித்து, ஊசிமுனை அளவில் மூன்று துளைகள். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தக் கையெழுத்து மட்டும் மினுங்கும். நடுவே மடிப்பு கந்தலாகி இருக்கிறது. பலமுறை மடித்துப் பிரித்துக் கொடுத்து வாங்கிய தாள் அது. ஓடாத ரயிலை நம்பி அதை வாங்கியவன் உழைப்பு அதில் போயிருக்கிறது. எனக்கு அந்தக் கந்தல் மடிப்புதான் வேண்டும். வழுவழுப்பான நோட்டு யாருக்கு வேண்டுமோ வாங்கிக்கொள்ளட்டும்.

#6 தென்திசை

அட்லாண்டாவிலிருந்து எழுதுகிறேன். கரிப்புகை அண்ணா வடக்கையே பேசிக்கொண்டிருக்கிறார். இந்த வகை நோட்டின் பிறந்த வீடு தெற்கு.

1830களில் மிசிசிப்பி மாநிலம் "ரயில்ரோடு அண்ட் பேங்கிங் கம்பெனி" என்ற பெயரில் சாசனங்களை அள்ளி வீசியது. பிராண்டன் ஊரில் மிசிசிப்பி அண்ட் அலபாமா ரயில்ரோடு கம்பெனி. அதன் நோட்டுக்குப் "பிராண்டன் பணம்" என்றே பெயர், கேலிப்பேச்சாகிப் போன பெயர். விக்ஸ்பர்கில் கமர்ஷியல் அண்ட் ரயில்ரோடு பேங்க். அவர்களாவது விக்ஸ்பர்கிலிருந்து ஜாக்சன் வரை 1840-இல் பாதையை முடித்தார்கள். கிராண்ட் கல்ஃப் ரயில்ரோடு அண்ட் பேங்கிங் கம்பெனி என்று இன்னொன்று. கிராண்ட் கல்ஃப் பருத்தி ஏற்றும் துறைமுக ஊர். மிசிசிப்பி ஆறு கரையை அரித்து ஊரின் பெரும்பகுதியை விழுங்கியது, மிச்சத்தைப் போர் தின்றது. இன்று அது ஒரு நினைவுப் பூங்கா. நோட்டு இருக்கிறது, கொடுத்த வங்கியின் தெருவே இல்லை.

இந்தக் காலத்து நோட்டுகளில் வாசகத்தைக் கவனமாகப் படியுங்கள். சிலவற்றில் "கேட்டவுடன்" என்று இருக்காது, "தேதியிலிருந்து பன்னிரண்டு மாதம் கழித்து" என்று இருக்கும். அதாவது நோட்டு வேஷம் போட்ட கடன் பத்திரம். கெடு வருவதற்குள் கம்பெனி இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தேதி, வாசகம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கம்பெனியின் மூச்சுத்திணறல் தெரியும்.

ஜார்ஜியாவில் இதே ஏற்பாடு பிழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அகஸ்டாவின் ஜார்ஜியா ரயில்ரோடு அண்ட் பேங்கிங் கம்பெனி 1833 சாசனம். பின்னாளில் ரயிலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வங்கியாகவே நடந்து 1986-இல்தான் இன்னொரு வங்கியோடு இணைந்தது. மேகனில் இருந்த மன்றோ ரயில்ரோடு அண்ட் பேங்கிங் கம்பெனி அதே மாநிலம், அதே யோசனை. 1840களில் கடனில் ஏலம் போனது. ஆகவே யோசனையே மோசடி என்று சொல்லிவிட முடியாது.

கடைசியாக ஒன்று. இந்தத் தெற்குப் பாதைகளில் மண் வெட்டியவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். கம்பெனிகள் பண்ணைக்காரர்களிடமிருந்து அவர்களை வாடகைக்கு எடுத்தன, சில விலைக்கே வாங்கின. கூலிக்காரனுக்கு நோட்டு கொடுத்தார்கள் என்று கரிப்புகை அண்ணா எழுதியது ஒஹையோவுக்குச் சரி. இங்கே அந்த நோட்டு போனது எஜமானின் கைக்கு. நோட்டின் படத்தில் பருத்தி மூட்டை சுமப்பவர் யார் என்று பார்த்துவிட்டு ஆல்பத்தில் செருகுங்கள்.

#7 கரிப்புகை

தென்திசை சொன்ன கடைசிப் பத்தி இந்த இழையின் முதல் பதிலிலேயே வந்திருக்க வேண்டியது. ஏலப் பட்டியல்களில் அந்தப் படங்களுக்கு "அழகிய வேளாண் காட்சி" என்று விவரம் எழுதுகிறார்கள். எரிச்சலாக இருக்கும்.

#8 மூன்றணா

> கவிழ்ந்த வங்கியின் நோட்டுக்குத் திரும்பிப் போக இடமில்லை

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஓர் ஓட்டை. நியூ ஆர்லியன்ஸ் கனால் அண்ட் பேங்கிங் கம்பெனி ரயில் இல்லை, கால்வாய். ஆனால் இதே ஏற்பாடு. அவர்கள் கால்வாயையும் வெட்டி முடித்தார்கள், வங்கியும் பல பத்தாண்டுகள் நடந்தது. அவர்களுடைய நோட்டுதான் இந்தச் சந்தையில் மூலைக்கு மூலை கிடைக்கிறது, அதுவும் அச்சகத்திலிருந்து இறங்கிய மாதிரி. உங்கள் விதிப்படி அது அரிதாக இருக்க வேண்டுமே?

#9 கரிப்புகை

நல்ல கேள்வி. காகிதம் சாம்பல் என்று சொன்னவருக்குச் சந்தை நிலவரம் இவ்வளவு தெரிந்திருப்பது கண்டு மகிழ்ச்சி.

நீங்கள் சொல்லும் கனால் நோட்டுகளில் பெரும்பாலானவற்றில் கையெழுத்தும் எண்ணும் இருக்காது. அவை புழங்கவே இல்லை. அச்சகம் நான்கு நான்கு நோட்டாகப் பெரிய தாளில் அடித்து அனுப்பும். வங்கி தேவைப்பட்டபோது வெட்டி, எண் போட்டு, கையெழுத்திட்டு வெளியே விடும். மிஞ்சிய தாள்கள் பெட்டகத்தில் கிடந்து பிற்பாடு சேகரிப்பாளர்கள் கைக்கு வந்தன. இவற்றைச் சந்தையில் ரிமைண்டர் என்பார்கள். ஒரு கம்பெனியின் ரிமைண்டர் கிடைப்பதற்கு அது கவிழ்ந்ததா பிழைத்ததா என்பது பொருட்டில்லை. கட்டு எங்காவது தப்பியிருந்தால் போதும்.

நான் சொன்னது கையெழுத்திட்டுப் புழங்கிய நோட்டுக்கு. அதில் கவிழ்ந்த கம்பெனிக்கும் பிழைத்த கம்பெனிக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வாங்கும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: கையெழுத்து உண்டா இல்லையா? அடுத்தது, அந்தக் கையெழுத்து அன்றைய மையா, அல்லது வெற்று ரிமைண்டரில் பின்னாளில் யாரோ பேனாவை ஓட்டி விலை ஏற்றியதா? இதுவும் நடக்கிறது.

#10 அகிலா_கோவை

மை விஷயத்தில் நான் கொஞ்சம் சொல்லலாம். பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவள்.

அன்றைய மை பெரும்பாலும் இரும்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்தது. எழுதும்போது கறுப்பு, வயதாக ஆகப் பழுப்பு. அமிலத்தன்மை உள்ளதால் காகிதத்தை அரிக்கும். கரிப்புகை சொன்ன மூன்று துளைகள் அப்படி வந்தவை. உருப்பெருக்கியில் பார்த்தால் மை இழைகளுக்குள் ஊறிப்போயிருக்கும், கோட்டைச் சுற்றி மெல்லிய பழுப்பு நிழல் படர்ந்திருக்கும். பின்பக்கம் திருப்பினால் கையெழுத்து கண்ணாடியில் போலத் தலைகீழாகத் தெரியும். நேற்றுப் போட்ட மை மேலாக உட்கார்ந்திருக்கும்.

பழைய போலிகளைவிட நினைவுப்பொருள் நகல்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். காகிதத்தைச் செயற்கையாக மஞ்சளாக்கி, மொரமொரவென்று உலரவைத்து, தாயத்துச் சுருள் மாதிரி செய்து அருங்காட்சியகக் கடைகளில் விற்றார்கள். இதில் பேர்போனது பேங்க் ஆஃப் தி யுனைட்டட் ஸ்டேட்ஸ் பெயரிலான 1000 டாலர் நோட்டு, எண் 8894. எங்கே பார்த்தாலும் அதே 8894. எண்ணையும் கையெழுத்தையும் சேர்த்தே அச்சிட்டிருப்பதால் எல்லாம் ஒரே கறுப்பு. உண்மை நோட்டு செதுக்குத்தகட்டில், அதாவது கோடுகளைச் செதுக்கிய உலோகத் தகட்டில், அடித்தது. விரல்நுனியை லேசாக வைத்தால் கோடுகள் தட்டும், புழங்கித் தேய்ந்ததில் இது குறைவாக இருக்கலாம். 1973-க்குப் பிறகு நகலில் "நகல்" என்று ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அதற்கு முன் செய்ததில் ஒரு குறியும் இருக்காது.

மதுரைத்தபால் ஐயா, தபால்தலைக்காரர் என்பதால் சொல்கிறேன்: தபால்தலைக்கு ஒட்டுகிற கீல் என்ற பசைத்தாளை இதில் ஒட்டாதீர்கள். பளபளப்பான பிவிசி உறை வேண்டவே வேண்டாம், அது காலப்போக்கில் பிசுபிசுத்துக் காகிதத்தைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். மடிப்பை நிமிர்த்த இஸ்திரிப்பெட்டியை எடுத்துவிடாதீர்கள், எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

#11 மதுரைத்தபால்

என் நோட்டில் பின்பக்கம் கையெழுத்து தலைகீழாகத் தெரிகிறது அம்மா. வரிசை எண்ணும் மங்கலாகத் தெரிகிறது.

ரயில் படத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அதுதான் இழுப்பு. எஞ்சின் படம் இருக்கும் நோட்டுகளையெல்லாம் ஒரு தொகுப்பாக எடுக்கலாமா?

#12 வடகரை

படத்தை நம்பி வாங்காதீர்கள். அச்சகத்தார் ஒரே ரயில் படத்தைப் பத்து வங்கிக்கு விற்றிருப்பார்கள். தண்டவாளத்தையே பார்த்திராத ஊரின் வங்கி நோட்டிலும் புகை விடும் எஞ்சின் இருக்கும். வளர்ச்சி, வேகம், நம்பிக்கை என்று காட்டிக்கொள்ள அன்றைக்கு அதுதான் படம். எதிர்மாறாக, ரயில் கம்பெனி அடித்த நோட்டில் கிரேக்க தேவதையும் தானியக்கதிரும் மட்டும் இருக்கலாம். ஆகவே இவை இரண்டு வேறு தொகுப்புகள். தலைப்பைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: ரயில் வெளியிட்ட நோட்டா, ரயில் படம் போட்ட நோட்டா?

படத்தொகுப்பு எடுத்தால் அதற்கும் ருசி உண்டு. 1830களின் படங்களில் எஞ்சினுக்குக் கூரை கிடையாது, ஓட்டுநர் வெயிலில் நிற்பார். பின்னால் வரும் பெட்டிகள் குதிரைவண்டியைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்த மாதிரி இருக்கும். 1850களில் மாடுதள்ளும் முன்தட்டி, அகன்ற புகைபோக்கி, கூரை எல்லாம் வந்துவிடும். பெரிய அச்சகங்கள் பல ஒன்றுசேர்ந்து 1858-இல் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி உருவானது. அதற்கு முந்தைய நோட்டில் ராடன், ரைட், ஹேட்ச் போன்ற அச்சகப் பெயர்கள் விளிம்பில் பொடி எழுத்தில் இருக்கும். தேதி அழிந்த நோட்டுக்கு அந்தப் பொடி எழுத்தே சாட்சி.

#13 தென்திசை

போர்க்காலத்தை விட்டுவிட்டோம். 1861-62-இல் தெற்கில் சில்லறை மறைந்துபோனது. மொபைல் அண்ட் ஒஹையோ, மிசிசிப்பி சென்ட்ரல், இங்கே அட்லாண்டாவில் மாநில அரசின் வெஸ்டர்ன் அண்ட் அட்லாண்டிக் என்று ரயில்களெல்லாம் சில்லறை நோட்டு விட்டன. இவை செதுக்குத்தகட்டு அழகு கொண்டவை அல்ல, அவசரத்தில் அடித்தவை. காகிதப் பஞ்சத்தில் வேறு படிவங்களின் முதுகிலும் அச்சிட்ட தெற்கத்திய நோட்டுகள் உண்டு. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பது நல்லது.

பிறகு கூட்டரசு 10 சதவீத வரி போட்டு மாநில வங்கி நோட்டுகளின் கதையை 1866-இல் முடித்தது. அப்படியும் விடவில்லை. 1873-இல் சவுத் கரோலினா ரயில்ரோடு கம்பெனி "பயணக் கட்டண டிக்கெட்" என்று பெயரிட்டு டாலர் கணக்கில் ஒன்றை அச்சிட்டது. அளவு, சித்திரவேலை, எண் எல்லாம் நோட்டு; வாசகம் மட்டும் டிக்கெட். டிக்கெட் சேகரிப்பவர் நீங்கள், இதை எந்த ஆல்பத்தில் வைப்பீர்கள்?

#14 மூன்றணா

அந்தக் கடைசிச் சரக்கு எனக்கே பிடித்திருக்கிறது. விலை என்ன?

#15 கரிப்புகை

சாம்பல் விலைதான்.

மதுரைத்தபால் ஐயா, வேலைக்கு வருவோம். ஹாக்ஸ்பி தொகுத்த நான்கு தொகுதி அட்டவணை 1988-இல் வந்தது. இந்தக் காலத்து வங்கி நோட்டுகளுக்கு ஏல நிறுவனங்கள் கொடுக்கும் எண் பெரும்பாலும் அதிலிருந்து எடுத்ததே. உங்கள் ஈரி அண்ட் கலமசூ வங்கி என்பதால் அதில் இருக்கும். வங்கி உரிமை இல்லாமல் ரயில் கம்பெனியாகவே நோட்டு விட்டவை பல அதில் இடம்பெறாது. அவற்றுக்கு மாநிலவாரியாக வந்த நூல்களைத் தேட வேண்டும். "ஹாக்ஸ்பியில் இல்லை, ஆகவே மிக அரிது" என்று விற்பனையாளர் எழுதினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டு நிறுவனம் மூடித்தரும் உறையில் போட்டிருக்கும் தர எண்ணுக்காக இரண்டு மடங்கு கொடுக்காதீர்கள். இந்த வகையில் மடிப்பும் கறையும் இயல்பு. கையெழுத்து முழுமையாக இருப்பதும், ஓரம் நோட்டின் அச்சிட்ட விளிம்புக்கோட்டுக்குள் வெட்டுப்படாமல் இருப்பதும் முக்கியம்.

#16 மதுரைத்தபால்

முடிவு செய்துவிட்டேன். படத்தொகுப்பு வேண்டாம். கையெழுத்திட்டுப் புழங்கிய ரயில் நோட்டு மட்டும், மாநிலத்துக்கு ஒன்று. கம்பெனி பாதை போட்டதா இல்லையா என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதி வைப்பேன். அடுத்ததாக ஒஹையோவின் பொய்க்கால் ரயில் வேண்டும். தென்திசை கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இரண்டு ஆல்பத்துக்கும் நடுவில் ஒரு பாலியெஸ்டர் உறை தொங்கவிடுகிறேன்.

கரிப்புகை ஐயா, உங்கள் மூன்று துளை நோட்டை விற்கும் எண்ணம் உண்டா?

#17 கரிப்புகை

இல்லை. ஆனால் ஓரம் சற்று வெட்டுப்பட்ட இன்னொன்று இருக்கிறது, மடிப்பு அதிலும் கந்தல்தான். இரண்டு பக்கமும் படம் எடுத்துத் தனிமடலில் அனுப்புகிறேன். பதிலுக்குப் பழைய தென்னிந்திய ரயில்வே அட்டை டிக்கெட் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.